காக்காப்பொன்னும் காடித்தண்ணீரும்

1

கொல்லிமலைக்குப் போய்வந்தவர்கள் முதலில் காரவள்ளியில் தொடங்கும் எழுபது கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றித்தான் பேசுவார்கள். அடுத்து ஆகாய கங்கை அருவி, அறப்பளீஸ்வரர் கோயில், வல்வில் ஓரி, கொல்லிப்பாவை. எங்கே தொடங்கினாலும் பேச்சு கடைசியில் சித்தர்களிடம் வந்து நிற்கும். இந்தக் குகையில் இன்னார் இருந்தார், அந்தப் பாறையில் இன்னார் மருந்து அரைத்தார் என்று மலை முழுக்கக் கதைகள் உண்டு.

கோயிலுக்குப் பக்கத்தில் மூலிகை விற்கும் பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "சித்தருங்க அந்தக் காலத்துலயே நானோ பண்ணிட்டாங்க தம்பி. வெள்ளக்காரன் இப்பத்தான் கண்டுபிடிச்சிருக்கான்."

இந்த வரியை நீங்களும் கேட்டிருப்பீர்கள். யூடியூபில், கருத்தரங்கு பேனர்களில், மருந்து டப்பாக்களின் பின்பக்கத்தில். இதைக் கேட்டதும் நம்மில் பாதிப்பேருக்குப் புல்லரிக்கும், மீதிப்பேருக்குச் சிரிப்பு வரும். இரண்டு கூட்டமும் "எதை வச்சுச் சொல்றீங்க?" என்று கேட்பதில்லை. நான் கேட்டேன். பெரியவர் தயங்காமல் பதில் சொன்னார்: "அப்பிரகம்."

நல்ல பதில். நான் எதிர்பார்த்ததைவிட மிக நல்ல பதில். இந்தக் கட்டுரை அந்த ஒற்றைச் சொல்லைப் பின்தொடர்ந்து போனதன் விளைவு.

அப்பிரகம் என்பது மைக்கா. ஊரில் இதற்குக் காக்காப்பொன் என்று பெயர். ஆற்றுமணலில், கிணறு வெட்டிய மண்ணில் பொன்போல மினுங்கும், எடுத்துப் பார்த்தால் ஒரு காசு பெறாது. சிறுவயதில் நகத்தால் கீறி உரித்துப் பார்த்திருப்போம். ஒரு தகடு, அதற்குள் இன்னொரு தகடு, அதற்குள்ளும் ஒன்று. உரித்துக்கொண்டே போகலாம். எதுவரைக்கும் உரிக்கலாம் என்ற கேள்விக்கு இன்றைய பொருளறிவியல் தரும் பதில்தான் இருபரிமாணப் பொருள்கள் என்னும் துறை. ஓர் அணு, அல்லது சில அணுக்கள் மட்டுமே தடிமன் கொண்ட தாள்கள் அவை. கிராஃபீன் அவற்றில் புகழ்பெற்றது. அந்தத் தாள்களை நிறைய அளவில் உண்டாக்கும் வழிகளில் முக்கியமானது, அடுக்குப் படிகத்தை ஒரு திரவத்தில் போட்டு, கலக்கி, தாள் தாளாகப் பிரிப்பது.

திரவத்தில் போட்டுக் கலக்கி உரிப்பது. பெரியவர் சொன்ன அப்பிரகத்தை நம்முடைய பழைய மருந்து முறையில் என்ன செய்தார்கள் தெரியுமா? ஏறக்குறைய அதைத்தான்.

2

முறையைச் சொல்வதற்கு முன்னால் அடுக்குப் படிகம் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். ஓர் அப்பளக் கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அப்பளமும் தனக்குள் உறுதியானது, ஆனால் அப்பளத்துக்கும் அப்பளத்துக்கும் இடையில் பிடிப்பு குறைவு. கிராஃபைட், அதாவது பென்சிலில் இருக்கும் கரி, இப்படித்தான் இருக்கிறது. அதன் தாள்களுக்கிடையே 0.335 நானோமீட்டர் இடைவெளி. நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. மாலிப்டினைட் என்னும் மாலிப்டினம் சல்ஃபைடு கனிமமும் இதே கட்டமைப்புதான், இடைவெளி 0.6 நானோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். மைக்காவில் ஓர் அடுக்கின் தடிமன் ஏறக்குறைய 1 நானோமீட்டர். ஆனால் மைக்காவின் தாள்களுக்கு நடுவே பொட்டாசியம் அயனிகள் உட்கார்ந்து இரண்டு பக்கத்தையும் இழுத்துப் பிடித்திருக்கின்றன. அப்பளங்களுக்கு நடுவே பசை தடவினது மாதிரி. இந்தப் பசை பின்னால் முக்கியமாக வரும்.

இப்போது முறை. ரசசாத்திர நூல்களில் பெரிதும் மதிக்கப்படும் ரசரத்ன சமுச்சயத்தைப் பொதுவாக 13-ஆம் நூற்றாண்டை ஒட்டி வைப்பார்கள். அதில் அப்பிரகம் நான்கு வகையாகப் பிரிக்கப்படுகிறது. பிரிப்பதற்கு அளவுகோல் நெருப்பு. நெருப்பிலிட்டால் இதழ் இதழாக விரிந்து உதிர்வது பினாகம். பாம்புபோலச் சீறுவது நாகம். தவளைபோலத் துள்ளுவது மண்டூகம். ஒன்றும் ஆகாமல் கல்லாகக் கிடப்பது வஜ்ரம். மருந்துக்கு வஜ்ரமே சிறந்தது என்கிறது நூல். தாள்களுக்கிடையே நீர் சிக்கியிருக்கும் கனிமங்களைச் சூடாக்கினால், நீர் ஆவியாகி வெளியேறும் வேகத்தில் அடுக்குகள் விரியும், வெடிக்கும், சத்தமிடும். தணலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தும் கேட்டும் செய்த வகைப்பாடு இது. ஏட்டில் படித்ததைக்கொண்டு எழுதக்கூடியதல்ல.

அடுத்தது சுத்தி. அப்பிரகத்தைப் பழுக்கக் காய்ச்சித் திரவத்தில் முக்குவது. காடி, பசுவின் சிறுநீர், பால், திரிபலைக் கசாயம் என்று திரவங்கள் மாறும், திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். அதற்குப் பிறகு வருவதுதான் நம் கதைக்கு மையம். பொடித்த அப்பிரகத்தை நெல்லோடு சேர்த்துத் துணியில் மூட்டை கட்டிக் காடியில் ஊறப்போடுகிறார்கள். காடி என்பது புளித்த கஞ்சித் தண்ணீர். நூலுக்கு நூல் சிறு வேறுபாடுகள் உண்டு. நெல் நாலில் ஒரு பங்கு, கம்பளி மூட்டை, மூன்று இரவு ஊறல் என்பது பரவலான கணக்கு. பிறகு மூட்டையைத் திரவத்துக்குள்ளேயே வைத்துக் கையால் கசக்குகிறார்கள். நெல்லின் உமி உராய, அப்பிரகம் நுண்துகளாகித் துணியின் இழைகளுக்கிடையே கசிந்து காடிக்குள் இறங்குகிறது. கரடு மூட்டைக்குள்ளேயே தங்கிவிடும். வெளியே வந்ததைத் தெளிய வைத்து, அடியில் படிந்ததை எடுத்துக் காயவைத்தால் அதற்குத் தானியாப்பிரகம் என்று பெயர். அதன் பிறகுதான் மூலிகைச் சாறுகளில் அரைப்பதும் புடமிடுவதும். தமிழ்ச் சித்த மருத்துவத்திலும் அப்பிரகம் செந்தூரமாகவும் பற்பமாகவும் இப்படிப் பல கட்டங்களைக் கடந்தே மருந்தாகிறது.

இந்த மூட்டையை ஒரு வேதியியல் மாணவியிடம் விவரித்தால் அவள் அதிலுள்ள வேலைகளை எண்ணிச் சொல்லிவிடுவாள். சூடும் குளிர்ச்சியும் கொடுத்து அடுக்குகளைத் தளர்த்துவது ஒன்று. திரவத்தில் ஊறவைப்பது இரண்டு. தாள்களை நழுவச்செய்யும் உராய்வு மூன்று. உமியில் சிலிக்கா மிகுதி, நல்ல உரைகல் அது. துணியால் அளவு பிரிப்பது நான்கு. தெளியவைத்துப் பிரிப்பது ஐந்து. இன்றைய ஆய்வகத்தில் திரவவழி உரித்தலுக்கு இருக்கும் படிகளும் ஏறக்குறைய இவைதான். ஆக, சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்திக்கொள்ளலாம்.

3

சரி, அப்போ பெரியவர் சொன்னது சரிதானா? சித்தர்கள் நானோ பண்ணிட்டாங்களா?

கணக்குப் போடுவோம். கம்பளித் துணியின் இழைகளுக்கு நடுவே நுழையும் மைக்காச் செதில், நூறில் ஒரு மில்லிமீட்டர் தடிமன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு அது மிக மெல்லியது. மைக்காவின் ஓர் அடுக்கு 1 நானோமீட்டர் என்றால், அந்தச் செதிலுக்குள் 10,000 அடுக்குகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஓர் அடுக்கு எங்கே, பத்தாயிரம் எங்கே! காரணம் அந்தப் பொட்டாசியப் பசை. கிராஃபைட்டைப் போல மைக்கா எளிதில் தாளாகப் பிரிந்துவிடாது.

இதைவிடச் சுவையான சான்று நூலின் செய்முறைக்குள்ளேயே இருக்கிறது. கசக்கிய பிறகு என்ன செய்யச் சொல்கிறார்கள்? தெளிய வைத்து, அடியில் படிந்ததை எடு. மேலே நிற்கும் தண்ணீரை ஊற்றிவிடு. இன்றைய ஆய்வகத்தில் இதற்கு நேரெதிராகச் செய்கிறார்கள். கலக்கிய திரவத்தைச் சுழலியில் போட்டுச் சுற்றி, அடியில் படியும் கனமான துண்டுகளை ஒதுக்கிவிட்டு, மேலே நிற்கும் திரவத்தைப் பத்திரப்படுத்துகிறார்கள். ஏனென்றால் உண்மையிலேயே மெல்லிய தாள்கள் எளிதில் படியாது, நாட்கணக்கில், வாரக்கணக்கில் மிதக்கும். கம்பளி மூட்டையில் கசக்கியபோது தப்பித்தவறிச் சில மெல்லிய தாள்கள் உண்டாகியிருந்தால், அவை ஊற்றப்பட்ட தண்ணீரோடு போயிருக்கும். வேண்டிய பொருள் வண்டலில் இருக்கிறது என்று முடிவு செய்தவர்களுக்குத் தெளிவு கழிவுதான்.

இன்னொன்றும் உண்டு. புடம் பல போட்ட பிறகு அப்பிரகம் மருந்தாகிவிட்டதா என்று சோதிக்க ஒரு வழி வைத்திருந்தார்கள். வெயிலில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு துகளாவது மினுங்கினால் மருந்து முடியவில்லை, இன்னொரு புடம். அந்த நிலைக்கு நிச்சந்திரம் என்று பெயர். நிலவு இல்லாதது, ஒளி அவிந்தது. எவ்வளவு அழகான தரக்கட்டுப்பாட்டுச் சொல்! ஆனால் மைக்கா ஏன் மினுங்குகிறது? அதன் தட்டையான தாள்கள் கண்ணாடிபோல ஒளியைத் திருப்புவதால். மினுக்கம் போனது என்றால் தாள் போனது என்று அர்த்தம். நூறு புடம், ஆயிரம் புடம் என்று போட்டு அவர்கள் அடைய விரும்பியது தாளின் அழிவை. இன்றைய இருபரிமாண ஆய்வாளர் அடைய விரும்புவதோ தாளை, தாளாகவே, ஒற்றையாகவே நிறுத்துவதை. புடமிட்ட செந்தூரத்தில் மிகச்சிறு துகள்கள் இருக்கலாம். ஆனால் சிறுதுகள் வேறு, தாள் வேறு.

ஆக, இரண்டு பேரும் ஒரே கதவைத் திறந்தார்கள். உள்ளே போனதும் எதிரெதிர்த் திசையில் நடந்தார்கள். இதைச் சொல்வதால் ரசவாதிகளின் பெருமைக்கு ஒரு குறையும் இல்லை. அவர்கள் தேடியது உடம்புக்குள் போகக்கூடிய, கல்தன்மை இழந்த ஒரு பொடி. அந்தத் தேடலின் விதிகளைக்கொண்டு அவர்களை மதிப்பிட வேண்டும். அவர்கள் தேடவே தேடாத ஒன்றை அவர்கள் கையில் திணித்து, "பாருங்கள், வென்றுவிட்டார்கள்" என்று கைதட்டுவது மரியாதை ஆகாது.

4

கொல்லிமலையில் மைக்காவை உண்மையிலேயே ஒழுங்காக உரிக்கிற ஆள் ஒருவர் உண்டு. மழை.

இந்த மலையின் பாறை சார்னோக்கைட். கல்கத்தாவில் ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல்லை ஒட்டித் தாமஸ் ஹாலண்ட் 1893-இல் வைத்த பெயர் அது. சென்னைப் பரங்கிமலையும் இதே பாறைதான். இந்த வகைப் பாறையில் ஃபெல்ட்ஸ்பாரும், கொஞ்சம் கறுப்பு மைக்காவும் இருக்கும். லட்சக்கணக்கான ஆண்டுகளாக மழைநீர் இதற்குள் இறங்கும்போது பொட்டாசியம், சோடியம், கால்சியம் எல்லாம் கரைந்து போகின்றன. ஃபெல்ட்ஸ்பார் முதலில் கயோலின் களிமண்ணாகிறது. அது ஓர் அடுக்குப் படிகம். இன்னும் மழை, இன்னும் காலம். சிலிக்காவும் கரைந்து போனால் மிஞ்சுவது கிப்சைட் என்னும் அலுமினியம் ஹைட்ராக்சைடு. அதுவும் அடுக்குப் படிகம்தான். கொல்லிமலையின் உச்சித் தளங்களில் இருக்கும் பாக்சைட் இப்படி உண்டானது. மேட்டூர் அலுமினிய ஆலைக்கு ஏற்காட்டிலிருந்தும் இங்கிருந்தும் வெட்டிக்கொண்டு போனது இதைத்தான். மலையின் தலையில் மழை எழுதிவைத்த கடைசி வரியை லாரியில் ஏற்றினோம் என்று சொல்லலாம்.

கறுப்பு மைக்காவுக்கு மழை செய்வது இன்னும் நுட்பமானது. பசையாக இருந்த பொட்டாசியத்தைக் கரைத்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மக்னீசியத்தையும் நீர் மூலக்கூறுகளையும் உட்காரவைக்கிறது. அடுக்கு தளர்ந்துவிடும். இப்படி மாறியதன் பெயர் வெர்மிகுலைட். நம் மாநிலத்தில் இதற்குப் பேர்போன இடம் கொல்லிமலைக்கு வடக்கே, நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், திருப்பத்தூருக்கு அருகேயுள்ள சேவாத்தூர். தமிழ்நாடு கனிம நிறுவனமான டாமின் அங்கே வெர்மிகுலைட் வெட்டுகிறது. செடித்தொட்டி மண்ணில் பொன்னிறமாகப் பஞ்சுபோல இருக்குமே, அது சூட்டில் விரித்த வெர்மிகுலைட்தான்.

பெயர் வந்த கதையும் உண்டு. 1824-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தாமஸ் வெப் என்பவர் இந்தக் கனிமத்தைச் சூடாக்கினார். அது புழுப்புழுவாக நெளிந்து நீண்டது. லத்தீனில் புழுவைக் குறிக்கும் சொல்லிலிருந்து பெயர் வைத்தார். பினாக அப்பிரகம் நெருப்பில் இதழ் விரிப்பதைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்தவர்கள் இதைப் பார்த்திருந்தால், "இது எங்களுக்குத் தெரிஞ்ச சரக்குதான்" என்றிருப்பார்கள்.

ஆனால் வெப்பின் கதை அங்கே நிற்கவில்லை. 1967-இல் வாக்கர், காரெட் என்ற இரண்டு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெர்மிகுலைட்டை உப்புக் கரைசலில் ஊறவைத்து, அடுக்குகளுக்கிடையே இருந்த அயனிகளை மாற்றி, பிறகு நீரில் உப்பவைத்துக் கலக்கினார்கள். அது மிக மெல்லிய தாள்களாகப் பிரிந்து நீரில் கூழ்மமாக மிதந்தது. அந்தத் திரவத்தைப் பரப்பிக் காயவைத்தால் படலம் கிடைத்தது. கிராஃபீன் என்ற சொல்லே பிறக்காத காலத்தில் நடந்த திரவவழி உரித்தல் இது. சூடு தேவைப்படவில்லை. எந்த அயனியைப் போட்டால் அடுக்கு எவ்வளவு விலகும் என்ற கேள்வியே போதுமானதாக இருந்தது.

5

கேள்வி என்றதும் எனக்குக் கைகள் நினைவுக்கு வருகின்றன. ஏன் என்று சொல்கிறேன்.

இன்று ஆந்திரத்தில் இருக்கும் நெல்லூர் மாவட்டம் 1953 வரை சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. அங்கே கூடூர்ப் பக்கம் மைக்காச் சுரங்கங்கள். பிகாரில் கொடர்மா. மின்சாரம் உலகெங்கும் பரவியபோது, மின்காப்புக்கு மைக்காத் தகடு இல்லாமல் முடியாது என்ற நிலை வந்தது. உலகத்துக்குத் தகட்டு மைக்காவைக் கொடுத்த முதன்மை நாடு இந்தியா. உரித்தது இயந்திரமல்ல, கத்தி பிடித்த கைகள். பெரும்பாலும் பெண்கள். ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடிமன் வரை கையாலேயே உரித்தார்கள். நம் கணக்குப்படி அது ஏறக்குறைய 25,000 அடுக்கு. கண்ணும் விரலும் சேர்ந்து போகக்கூடிய எல்லை அது. அதற்குக் கீழே போகத் திரவம் வேண்டும்.

1940-களில் பிரான்சில் ழாக் பார்தே அந்தத் திரவத்தைக் கொண்டுவந்தார். மைக்காக் கழிவை ஏறக்குறைய 800 டிகிரிக்குச் சூடாக்கிச் சோடாக் கரைசலில் ஊறவைத்து, பிறகு நீர்த்த அமிலத்தில் முக்கினார். தாள்களுக்கு நடுவே கரியமில வாயு பொங்கி அடுக்குகளைப் பிளந்தது. அதை நீரில் கலக்கிக் கூழாக்கிக் காகிதம்போல வார்த்தார். மைக்காக் காகிதம் பிறந்தது. பழுக்கக் காய்ச்சுவது, புளிப்பான திரவத்தில் முக்குவது, நீரில் கலக்குவது. தானியாப்பிரகத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் திகைப்பாக இருக்கிறது, இல்லையா? ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அமிலத்தில் ஏன் முக்குகிறோம் என்று பார்தேவுக்குத் தெரியும். வாயு வர வேண்டும், அதற்கு முன்னால் சோடா உள்ளே போயிருக்க வேண்டும். காரணம் தெரிந்ததால் அவரால் ஒவ்வொரு படியையும் தனித்தனியாக மாற்றிப் பார்க்க முடிந்தது.

நம்மிடம் அந்தக் "ஏன்" எங்கே போனது? இதைக் கேட்டவர் கல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் பிரபுல்ல சந்திர ராய். இந்து வேதியியல் வரலாறு என்ற நூலை 1902-இலும் 1909-இலும் இரண்டு பாகங்களாக வெளியிட்டார். ரசரத்ன சமுச்சயத்தை நவீன உலகத்துக்கு எடுத்துக்காட்டியதில் அவருக்குப் பெரிய பங்குண்டு. முன்னோரைக் குறைத்துப் பேசியவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. அவரேதான் இந்தியாவில் அறிவியல் மனம் தேய்ந்ததற்குச் சாதியை முக்கியக் காரணமாகக் காட்டினார். கைத்தொழில்கள் எல்லாம் கீழே தள்ளப்பட்ட சாதியினருக்கு என்று ஒதுக்கப்பட்டன. சிந்திக்கப் பழகியவர்கள் பொருளைத் தொடுவதை விட்டார்கள். தொட்டவர்களுக்கு எழுத்து மறுக்கப்பட்டது. அதனால் ஒரு செயல் எப்படி நடக்கிறது, ஏன் நடக்கிறது என்ற கேள்வி இரண்டு தரப்புக்கும் நடுவே விழுந்து காணாமல் போனது. இதுதான் அவர் வாதத்தின் சாரம்.

இதைப் படித்த பிறகு அந்தக் கம்பளி மூட்டையை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை. நூல் கசக்கு என்கிறது. யார் கசக்கினார்கள்? மூன்று நாள் புளித்த காடிக்குள் கைவிட்டு, உமி கீற, மைக்காச் செதில் தோலில் ஏற, நாள்முழுக்கக் கசக்கியது யார்? நூலை யாத்தவர் பெயர் இருக்கிறது, சித்தர்கள் பெயர் இருக்கிறது. கசக்கியவர் பெயர் இல்லை. எவ்வளவு நேரம் கசக்கினால் எது வரும், புதுக் காடிக்கும் பழங்காடிக்கும் என்ன வித்தியாசம் என்பது அந்தக் கைகளுக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். அந்தத் தெரிவு எழுத்தில் ஏறவில்லை.

இது முடிந்துபோன கதையும் இல்லை. கொடர்மா இன்று ஜார்க்கண்டில் இருக்கிறது. அழகுசாதனப் பொருள்களின் மினுமினுப்புக்காக அங்கே கைவிடப்பட்ட சுரங்கங்களில் மைக்காத் துண்டு பொறுக்குகிறவர்களில் குழந்தைகளும் உண்டு.

6

இனி இந்த நூற்றாண்டு. 2004-இல் மான்செஸ்டரில் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டன்டைன் நோவோசெலோவும் ஒட்டுநாடாவால் கிராஃபைட்டை உரித்துக் கிராஃபீனைத் தனியே எடுத்தார்கள், 2010-இல் நோபல் பரிசு வந்தது. ஆனால் ஒட்டுநாடாவால் எவ்வளவு உரிக்க முடியும்? துகளளவு. கிலோ கணக்கில் வேண்டுமென்றால் மறுபடியும் திரவம்தான்.

2008-இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் ஜொனாதன் கோல்மனின் குழு எளிமையான ஒரு கேள்வி கேட்டது: எந்தத் திரவம்? தாள்களைப் பிரித்தால் புதிய பரப்பு வெளியே தெரியும். அந்தப் பரப்பு உண்டாக ஆற்றல் செலவாகும். தாளின் பரப்பு ஆற்றலும் திரவத்தின் பரப்பு ஆற்றலும் ஏறக்குறைய சமமாக இருந்தால் அந்தச் செலவு மிகக் குறைவு. பிரிந்த தாள்கள் திரும்ப ஒட்டிக்கொள்ளவும் அவசரப்படாது. அப்பளக் கட்டில் மாவு தூவுகிறோமே, அதே வேலையைத் திரவம் செய்யும். நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன், கிராஃபைட்டுக்கு அது அதிகம். 40-ஐ ஒட்டிய திரவங்கள் பொருந்தின. பலவற்றைச் சோதித்துப் பார்த்தே இதற்கு வந்தார்கள். அப்படியொரு திரவத்தில் கிராஃபைட் பொடியைப் போட்டு மீயொலியால் அதிரவைத்து, சுழற்றி, தெளிவை எடுத்தார்கள். போட்டதில் ஒற்றைத் தாளாகக் கிடைத்தது எடையில் சுமார் 1 விழுக்காடு. குறைவுதான். ஆனால் என்ன நடக்கிறது என்று தெரிந்துவிட்டதே! அடுத்த ஆண்டே சோப்பு வகைப் பொருள் சேர்த்து நீரிலும் செய்தார்கள். 2011-இல் மாலிப்டினம் சல்ஃபைடு முதலான பல அடுக்குப் படிகங்களுக்கும் அதே கொள்கை பொருந்துவதைக் காட்டினார்கள்.

2014-இல் அவர்கள் செய்ததுதான் எனக்கு மிகப் பிடித்தது. மீயொலிக் கருவி எதற்கு என்று கேட்டு, திரவத்தை வேகமாகச் சுழற்றும் கலக்கியைப் பயன்படுத்தினார்கள். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் நழுவு விசையே தாள்களைப் பிரித்துவிடுகிறது என்று அளந்து சொன்னார்கள். அந்த அளவு எட்டிவிட்டால் சமையலறை மிக்சியே போதும். கிராஃபைட், தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம். அரைத்தார்கள். கறுப்புத் தண்ணீரில் கிராஃபீன் இருந்தது. நூற்றுக்கணக்கான லிட்டர் வரை இதைப் பெரிதாக்க முடியும் என்றும் காட்டினார்கள்.

மிக்சிக்குள் கை விட்டவர்களும் பரப்பு ஆற்றலைக் கணக்கிட்டவர்களும் ஒரே அறையில் இருந்தவர்கள், பலசமயம் ஒரே ஆட்கள். ராய் 1902-இல் சொன்னதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கதையில் நம் ஊரும் இருக்கிறது. பெங்களூரில் சி.என்.ஆர். ராவின் குழு 2010-இலேயே மாலிப்டினம் சல்ஃபைடிலும் டங்ஸ்டன் சல்ஃபைடிலும் மிக மெல்லிய தாள்களை உண்டாக்கிக் காட்டியது. அவர்கள் கையாண்ட வழிகளில் ஒன்று, அடுக்குகளுக்கிடையே லித்தியத்தை நுழைத்து நீரில் போடுவது. உள்ளேயிருந்து ஹைட்ரஜன் பொங்கித் தாள்களைத் தள்ளிப் பிரிக்கும். கனடாவில் ராபர்ட் ஃபிரிண்ட்டும் அவர் கூட்டாளிகளும் 1986-இல் தொடங்கிவைத்த வழி அது. மாலிப்டினைட் கொல்லிமலைக்கு வடக்கே அரூர், ஊத்தங்கரைப் பாறைகளில் இருக்கிறது. கிராஃபைட் தெற்கே சிவகங்கையில் வெட்டி எடுக்கப்படுகிறது. வெர்மிகுலைட் சேவாத்தூரில். அடுக்குப் படிகங்களுக்கு இந்த மண்ணில் ஒரு குறையும் இல்லை.

7

மூலிகைக் கடைப் பெரியவரிடம் இதையெல்லாம் சொன்னால் வருத்தப்படுவாரோ? அப்படி நான் நினைக்கவில்லை. பெருமை கொள்ள அவருக்கு உண்மையான காரணங்கள் இருக்கின்றன. நெருப்பைக்கொண்டு கனிமத்தை வகைபிரித்த கண், திரவத்துக்குள் உராய்ந்து துணியால் அளவு பிரித்த கை, மினுக்கம் அவிகிறவரைக்கும் காத்திருந்த பொறுமை. இவை போதாதா? நானோ என்ற ஸ்டிக்கரை அதன்மேல் ஒட்டும்போது உள்ளே இருப்பது மறைந்துவிடுகிறது.

ஸ்டிக்கர் ஒட்டுவதில் ஆபத்தும் உண்டு. இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2008-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான ஆய்வு, ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்ததாகச் சொன்னது. உலோகமும் கனிமமும் சேர்த்துச் செய்யும் மருந்தில் எத்தனை மைக்ரோகிராம், எந்த வடிவில் என்பது உயிர்க்கேள்வி. அந்த இடத்தில் "முன்னோருக்கு எல்லாம் தெரியும்" என்ற பதில் நோயாளிக்கு உதவாது. நிச்சந்திரச் சோதனை வைத்தவர்களே கூட வெறும் வாய்ச்சொல்லை ஏற்றுக்கொள்ளவில்லை. வெயிலில் வைத்துப் பார் என்றுதான் சொன்னார்கள்.

இந்த வரலாற்றில் இன்னும் திறந்தே கிடக்கும் ஒரு கேள்வி என்னை விடமாட்டேன் என்கிறது. காடி ஏன்? வெறும் தண்ணீர் போதாதா? புளித்த கஞ்சியில் அமிலம் இருக்கிறது, அது கறுப்பு மைக்காவின் பொட்டாசியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கக்கூடியது. மழை செய்வதைக் காடி மூன்று இரவில் சிறிதளவாவது தொடங்கிவைக்கிறதா? கஞ்சியில் மாவுச்சத்து இருக்கிறது. அப்பளத்து மாவுபோல அது செதில்களைத் திரும்ப ஒட்டாமல் பிரித்து வைக்கிறதா? இதற்குப் பெரிய ஆய்வகம் வேண்டியதில்லை, ஒரு கல்லூரி வேதியியல் கூடம் போதும். இரண்டு மூட்டை கட்டுங்கள். ஒன்றைக் காடியிலும் மற்றதை வெறும் தண்ணீரிலும் போடுங்கள். ஒரே நேரம், ஒரே கையால் கசக்குங்கள். படிந்ததை எடை போடுங்கள், கரைந்த பொட்டாசியத்தை அளவெடுங்கள்.

அப்புறம், மேலே நிற்கும் தண்ணீரைத் தயவுசெய்து ஊற்றிவிடாதீர்கள்.